சோடா பெயரில் சரக்கு விளம்பரம்: யாரிடம் புகார் கொடுப்பது, எங்கே வீணாக அலைய வேண்டாம்

கலர் டின்னில் சரக்கு வருவது ஒன்று. சோடா என்று சொல்லிக்கொண்டு சரக்குக்கு விளம்பரம் செய்வது வேறொன்று. இரண்டையும் ஒரே மனுவில் கொட்டினால் அது எந்த மேசையிலும் நிற்காது, அடுத்த மேசைக்குத் தள்ள அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு அக்கா இப்படித்தான் அலைந்தார். விருந்தாளி ஒருவர் வெளியூரிலிருந்து வாங்கிவந்து ஃப்ரிட்ஜில் வைத்த எலுமிச்சை டின்னை, கலர் என்று நினைத்து அவர் பையன் பாதி குடித்துவிட்டான். இவர் போய்ச் சொன்ன முதல் இடத்தில் போலீசுக்குப் போங்க என்றார்கள், அங்கே போனால் டின் மேல என்ன எழுதியிருக்குங்கிறது எங்க வேலை இல்லம்மா என்றார்கள், அடுத்த இடத்தில் பில் இருக்கா என்று கேட்டார்கள். விருந்தாளி கொண்டுவந்த டின்னுக்கு அவர் பில்லுக்கு எங்கே போவார்?

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மவுண்டன் டியூவை 2022-இல் அமெரிக்காவில் 5 சதவீத ஆல்கஹாலோடு, பெயரில் ‘ஹார்ட்’ (சரக்கு கலந்தது என்று அர்த்தம்) என்ற சொல்லைச் சேர்த்து விற்பனைக்கு விட்டார்கள். கோகோ கோலா 2018-இல் ஜப்பானில் எலுமிச்சை ருசியில் ஒரு மதுபானம் இறக்கியது, 2023-இல் அதையே கோவாவிலும் மகாராஷ்டிராவின் சில பகுதிகளிலும் விற்றுப் பார்த்தது. பிரிட்டனில் 1995-லேயே இப்படி எலுமிச்சைச் சரக்கு வந்து பெரிய சத்தம் ஆனது. அடுத்த வருஷம், மதுக் கம்பெனிகளே 1989-இல் தொடங்கிய போர்ட்மேன் குரூப் என்ற அமைப்பு ஒரு நடத்தை விதியை வெளியிட்டது. மீன் கம்பெனிக்காரரே தன் தராசுக்கு முத்திரை போட்டுக்கொள்வது மாதிரிதான்.

நம் நாட்டில் விளம்பரத் துறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட அமைப்பு ஆஸ்கி, 1985-இல் மும்பையில் தொடங்கியது. புகார் இலவசம், ஆன்லைனில் போடலாம். நமக்குச் சாதகமாக முடிவு வந்தால் விளம்பரத்தை மாற்று, இல்லை நிறுத்து என்று கம்பெனிக்குச் சொல்வார்கள். அவ்வளவுதான், அபராதம் போட அதிகாரம் கிடையாது. அதற்குள் கிரிக்கெட் சீசனே முடிந்து, அந்த விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டு தானாகவே போயிருக்கும். டிவியில் வந்த விளம்பரம் என்றால் மட்டும் ஆஸ்கியில் ஒரு புகார் போட்டு வையுங்கள். ஆஸ்கி விதியை மீறும் விளம்பரம் கேபிளில் வரக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளிலேயே சேர்த்திருக்கிறார்கள், மதுவுக்கு நேராகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதற்கும் அதே விதிகளில் தடை உண்டு. ஆனால் உச்சிப்புளி டீக்கடை போர்டும் கபடிப் போட்டி பேனரும் கேபிள் டிவி இல்லையே.

அபராதம் போடக்கூடியது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். 2022 ஜூன் 9-ஆம் தேதி அது வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் மறைமுக விளம்பரத்துக்குத் தடை இருக்கிறது. முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் நடித்த பிரபலத்துக்கும் இது பொருந்தும். ஆணையம் டெல்லியில் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 17-இன்படி அதே புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம். தொண்டியிலிருந்தோ சாயல்குடியிலிருந்தோ ராமநாதபுரம் வரைக்கும் ஒரு பஸ் டிக்கெட், அவ்வளவுதான் செலவு. இதை யாரும் போர்டு வைத்துச் சொல்ல மாட்டார்கள்.

சரி, சறுக்கும் இடங்கள். பெரிய சறுக்கல் பெயர். ‘சரக்கின் பெயரையே சோடாவுக்கும் வைத்திருக்கிறார்கள்’ என்று மட்டும் எழுதினால் மனு விழுந்துவிடும், ஏனென்றால் பெயர் ஒன்றாக இருப்பது மட்டுமே குற்றமாகாது என்று அந்த நெறிகளிலேயே ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். யார் கேட்டு அதை வைத்தார்கள் என்பது வேறு கதை. அதனால் லோகோ, நிறம், எழுத்து அமைப்பு, பாட்டிலின் வடிவம், பார் மாதிரி காட்சி என்று எது எது சரக்கை நினைவுபடுத்துகிறதோ அதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். போட்டோ எடுங்கள், தேதியும் இடமும் குறியுங்கள். கடையில் அந்த சோடாவே கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், விற்காத சோடாவுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பேனர் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது.

அடுத்தது ‘என் பையன்’ என்று மட்டும் எழுதுவது. வயிறு எரிகிறது, புரிகிறது. ஆனால் பிரிவு 17 நுகர்வோர் எல்லோரையும் பாதிக்கிற விளம்பரத்துக்கானது. தனி ஆளின் நஷ்டமாக எழுதினால் உடனே பில் கேட்பார்கள். இந்தப் பகுதிப் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகும் வழி என்று எழுதுங்கள். 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்கு அடித்தாலும் இதே சிக்கல்தான். தமிழில் பேசுவார்கள், ஒரு எண் தருவார்கள், அப்புறம் கம்பெனியின் பதிலை உங்களுக்கு அனுப்பிவிட்டு முடித்துவிடவும் வாய்ப்பு உண்டு. அது சமரசத்துக்கான வழி, ஆணையத்தில் கொடுத்த புகாராக அதை நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

டின்னுக்குள் இருப்பது உணவுப் பாதுகாப்புத் துறை விஷயம். சட்டப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானம். அப்படிப்பட்ட டின்னில் சதவீதமும், குடி உடலுக்குக் கேடு என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும், போதை தராது என்ற பொருளில் எதுவும் எழுதக் கூடாது. சர்க்கரை இத்தனை கிராம், புரதம் இத்தனை கிராம் என்று சத்து அட்டவணை போடுவதும் கூடாது. எழுத்தெல்லாம் பொடியாக இருக்கும், செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘ஜீரோ’ பீர் என்று மளிகைக் கடையில் விற்பது 0.5-க்குக் கீழே என்பதால் சட்டத்தின் கண்ணில் அது மதுவே இல்லை, பிள்ளைக்கு மது விற்றார்கள் என்று புகார் கொடுத்தால் நிற்காது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஒரு துளியும் கூடாது என்று இருப்பவர்கள் ‘நான் ஆல்கஹாலிக்’ என்ற சொல்லை மட்டும் நம்பாமல் சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள், அந்தச் சொல்லுக்கும் துளிகூட இல்லை என்பதற்கும் நடுவில் இடம் இருக்கிறது.

சந்தேகப்பட்டு சோதனைக்குக் கொடுப்பதென்றால், வீட்டில் திறந்து பாதி குடித்த டின்னைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 40-இல் வாங்குபவரே கட்டணம் கட்டி ஆய்வு செய்துகொள்ள வழி உண்டு, ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் இதை ஆய்வுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கடற்கரைச் சின்ன ஊரில் தெரிந்த கடைக்காரரிடம் போய் அப்படிச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சட்டம் எழுதியவருக்குத் தெரியாது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, அவர்களையே மாதிரி எடுக்கச் சொல்வது நல்லது.

தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது விற்கக் கூடாது. அந்தப் புகாருக்கு மதுவிலக்குப் போலீசின் 10581 எண். விளம்பரக் கதையை அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கும்போது தலைப்பில் ‘மது’ என்று போடாதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் மனுவை டாஸ்மாக் பக்கம் தள்ளிவிடுவார்கள், அங்கிருந்து ‘கடையில் ஆய்வு செய்யப்பட்டது’ என்று ஒரு வரி வரும், மனு முடிந்தது என்று குறுஞ்செய்தி வரும். ‘தவறான விளம்பரம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 17’ என்று தலைப்பிடுங்கள். ரசீது எண் வாங்காமல் நகராதீர்கள். ஆட்சியர் விசாரிக்கலாம் என்றுதான் பிரிவு 16 சொல்கிறது, விசாரித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை, அந்த இடைவெளியில்தான் மனு தூங்கும். தூங்கினால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு போடுங்கள். ஏன் நடவடிக்கை இல்லை என்று கேட்டால் மழுப்பலாம். இந்த எண்ணுள்ள மனு மீது பிரிவு 16-இன் கீழ் விசாரணை நடந்ததா, மத்திய ஆணையத்துக்கு அனுப்பிய அறிக்கையின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.