எறும்பின் பிடரியில் ஒரு காம்பு: பூஞ்சைக்குப் புதுப்பெயர் வைப்பது எப்படி?

இலை நரம்பைக் கவ்வியபடியே எறும்பு செத்திருக்கும். அதன் பிடரியிலிருந்து மெல்லிய காம்பு ஒன்று நீண்டிருக்கும்; எறும்பைக் கொன்ற ஆஃபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சைப் பேரினத்தின் காம்பு அது. இப்படிக் கிடைத்த பூஞ்சைகளைப் பெரும்பாலும் 'யூனிலேட்டராலிஸ்' என்ற ஒரே சிற்றினத்தில் அடக்கிவந்தார்கள். 2011-இல் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் நான்கு வகைக் காம்போனோட்டஸ் (தச்செறும்பு) எறும்புகளிலிருந்து நான்கு புதிய ஆஃபியோகார்டிசெப்ஸ் சிற்றினங்கள் விவரிக்கப்பட்டன. 2018-இல் மேலும் 15 சேர்ந்தன.

எறும்பைப் பிடுங்கக் கூடாது. தாடை இறுகியிருப்பதால் தலை துண்டாகிவிடும். இலையோடு கத்தரித்துக் காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் வேர்த்து, மறுநாளே சாதாரணப் பூசணம் மூடிவிடும்.

அன்று மாலையே செய்ய வேண்டிய வேலைதான் முக்கியம். பெட்ரி தட்டின் மூடியில் வாசலின் தடவி, காம்பிலுள்ள வித்துமெத்தை (வித்துக் காய்கள் பதிந்த திரட்சி) கீழ்நோக்கும்படி எறும்பை ஒட்டி, சத்து எதுவும் சேர்க்காத வெறும் நீர் அகார் கூழ் மேல் கவிழ்க்க வேண்டும். முற்றிய காய்கள் இரவில் வித்துகளைப் பீய்ச்சும். உதிர்ந்த வித்தின் நீளத்தையும் குறுக்குச் சுவர்களையும் நுண்ணோக்கியில் எண்ணலாம். 2011-இல் விவரித்த அந்த நான்கிலேயே ஒன்றின் வித்து 100 மைக்ரானைத் தொடாது. இன்னொன்றுடையது 170-ஐத் தாண்டும். ஓரிரு நாளில் வித்திலிருந்து மயிர் போன்ற இழை எழுந்து, நுனியில் இரண்டாம் வித்தைத் தாங்கும். இழை எத்தனை, எவ்வளவு நீளம் என்பதும் இனத்துக்கு இனம் மாறும். உலர்ந்த அருங்காட்சியக மாதிரியில் இதைப் பார்க்க வழியில்லை; காய்க்குள் வித்துப்பையிலேயே இருக்கும் முற்றாத வித்தை அளந்தால் கணக்கே பிசகும். இத்தனை இனங்கள் ஒரே பெயருக்குள் மறைந்திருந்ததற்கு இதுவும் காரணம்.

அடுத்தது டிஎன்ஏ. பூஞ்சைகளின் பொது அடையாளக் குறியாக 2012-இல் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதி முன்மொழியப்பட்டது. நெருங்கிய உறவினங்களைப் பிரிக்க அது மட்டும் போதாது. ரைபோசோம் மரபணுக்களோடு டெஃப், ஆர்பிபி1 போன்ற மரபணுக்களையும் படித்து ஒப்பிட வேண்டும். காம்பில் வெண்பஞ்சு படர்ந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது பூஞ்சையையே தின்னும் வேறொரு பூஞ்சையாக இருக்கலாம். ஃபுளோரிடாவின் எறும்புப் பூஞ்சை மேல் வாழும் அத்தகைய இரண்டு, 2022-இல் புதுப் பேரினங்களாகவே விவரிக்கப்பட்டன. அந்தப் பஞ்சைச் சுரண்டி எடுத்தால் மரபணு வரிசை சுத்தமாகவே வரும், ஆனால் தேடிய பூஞ்சையுடையதாக இருக்காது. எறும்பின் உடலுக்குள் இறுகிய திசுவை எடுப்பதே பாதுகாப்பு.

பெயர் செல்லுபடியாக, அந்தப் பெயருக்கு அடையாளமாக நிற்கும் மூலமாதிரி ஒன்றைப் பொதுச் சேகரத்தில் வைக்க வேண்டும். 2013 முதல் மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தின் எண்ணும் கட்டாயம். எறும்பின் பெயரையே பூஞ்சைக்கு வைப்பதாக இருந்தால், அருகில் திரியும் உயிருள்ள எறும்பையும் பிடித்து, எறும்பு வல்லுநரிடம் காட்டுவது நல்லது. எறும்பின் இனத்தைத் தவறாகக் கணித்தது பின்னால் தெரிந்தாலும், பொருந்தாத பெயர் என்பதற்காக அதை நீக்க விதி இடம் தராது.