எடையைப் பிரித்துப் பார்த்தால் புகை நல்லதாகிவிடுமா?

கர்ப்ப காலத்தில் தாய் புகைபிடித்தால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும். இறக்கும் அபாயமும் கூடும். இன்று இதில் சந்தேகமில்லை. ஆனால் 1971-ல் ஜேக்கப் யெருஷால்மி என்ற புள்ளியியலாளர், கலிஃபோர்னியாவில் திரட்டிய தரவுகளில் ஒரு விசித்திரத்தைக் காட்டினார். 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், புகைபிடித்த தாய்மாரின் குழந்தைகளே அதிகம் பிழைத்திருந்தன!

அப்படியானால் புகை காப்பாற்றுகிறதா? இல்லை. எடை குறையப் புகை மட்டுமே காரணமல்ல. பிறவிக் குறைபாடு போன்ற கொடிய காரணங்களும் உண்டு. தாய் புகைபிடிக்காமலேயே குழந்தையின் எடை குறைந்திருந்தால், அங்கே இப்படி வேறு ஏதோ இருக்க வாய்ப்பு அதிகம். எடை குறைந்தவர்களை மட்டும் ஒப்பிடும்போது, புகையை அதைவிடக் கொடிய நோய்களோடு ஒப்பிடுகிறோம். அதன் பக்கத்தில் புகை சாதுவாகத் தெரிகிறது.

புகை குழந்தையை எட்டும் வழிகளில் ஒன்று, எடையைக் குறைப்பது. அது மறைமுக விளைவு. எடையைத் தொடாமல் வரும் கேடு நேரடி விளைவு. இரண்டும் சேர்ந்ததுதான் மொத்த விளைவு. எடையை நிலைநிறுத்திவிட்டால், அதாவது ஒரே அளவு எடையுள்ள குழந்தைகளை மட்டும் ஒப்பிட்டால், ஒரு வழியை நாமே அடைத்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, மேலே பார்த்த கோணலும் உள்ளே நுழைகிறது.

சரி, எதையும் பிரிக்காமல் மொத்தமாகவே பார்த்துவிடலாமா? அதுவும் ஆபத்துதான். 1986-ல் வெளியான சிறுநீரகக் கல் ஆய்வில், திறந்த அறுவைச் சிகிச்சை 78 சதவீதம் பேருக்கும், சிறு துளை வழியாகக் கல்லை எடுக்கும் முறை 83 சதவீதம் பேருக்கும் பலன் தந்தது. ஆனால் சிறிய கல், பெரிய கல் என்று பிரித்தால் இரண்டிலுமே திறந்த அறுவைதான் மேல். பெரிய கல் உள்ளவர்கள் பெரும்பாலும் அதற்கே அனுப்பப்பட்டிருந்தார்கள். கல்லின் அளவு சிகிச்சைக்கு முந்தியது. பிரித்தே ஆக வேண்டும். குழந்தையின் எடையோ புகைக்குப் பிந்தியது. அட்டவணையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எது முந்தியது என்பதை எண்கள் சொல்லாது, ஆய்வாளர்தான் சொல்ல வேண்டும்.

குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து மருந்து கொடுத்தால் முந்தைய காரணிகளின் தொல்லை பெரும்பாலும் தீரும். அப்புறமும் சிலருக்குக் கை சும்மா இருக்காது: ‘மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் பார்ப்போமே’ என்பார்கள். அந்த ஒழுங்கும் குலுக்கலுக்குப் பிந்தியதுதான். 1980-ல் வெளியான ஓர் இதயநோய் மருந்து ஆய்வில், ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்தாண்டுகளில் இறந்தவர்கள் சுமார் 15 சதவீதம். சாப்பிடாதவர்களில் சுமார் 28. பிரமாதமான மருந்து என்று தோன்றும். ஆனால் இந்த இரண்டு எண்களும், மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்ட குழுவினுடையவை.