தொப்பி செய்யும் காட்சிப்பிழை

ஒரே தொப்பிதான். நண்பர் போட்டால் கதாநாயகன் மாதிரி இருக்கிறார், அதையே நீங்கள் வாங்கித் தலையில் வைத்தால் மழைக்குக் கவிழ்த்துப் பிடித்த சட்டி மாதிரி இருக்கிறது. இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் முக வடிவப் பட்டியல்: வட்ட முகமா, உயரமான தொப்பி போடு; நீள முகமா, தட்டையாகப் போடு; சதுர முகமா, வளைந்த விளிம்பு; முட்டை முகமா, அதிர்ஷ்டசாலி, எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள். இந்தப் பட்டியல் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஏன் சில சமயம் பலிக்கிறது, ஏன் பல சமயம் காலை வாரிவிடுகிறது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. காரணம் பார்ப்பவர் மண்டைக்குள் இருக்கிறது. நம் கண்ணுக்கு எதையும் தனியாக அளக்கத் தெரியாது, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் அளக்கும். முகத்துக்குப் பக்கத்தில் நாமே கொண்டுபோய் வைக்கிற ஒரு கோணல் ஸ்கேல்தான் தொப்பி.

முதலில் இரண்டு சொல். தலைக்கு மேல் எழுந்து நிற்கும் பகுதியைக் கூடு என்று வைத்துக்கொள்வோம், சுற்றி நீட்டிக்கொண்டிருப்பது விளிம்பு. பேஸ்பால் தொப்பியில் விளிம்பு முன்னால் மட்டும், ஃபெடோராவில் சுற்றிலும், கம்பளிப் பின்னல் தொப்பியில் விளிம்பே கிடையாது. பெயர் என்னவாக இருந்தாலும் சரி, முகத்தை அது என்ன செய்யப்போகிறது என்பது பெரும்பாலும் இந்த இரண்டின் அளவையும் தொப்பி தலையில் உட்காரும் இடத்தையும் பொறுத்தது.

மந்திரவாதிகள் முயலை வெளியே எடுப்பார்களே, அந்த நெட்டைக் கறுப்புத் தொப்பி, அதை ஒரு காகிதத்தில் வரையுங்கள். உயரம் 10 செ.மீ., விளிம்பின் அகலமும் முனைக்கு முனை சரியாக 10 செ.மீ. வரைந்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் உயரம்தான் அதிகம் என்று கண் சத்தியம் செய்யும். ஸ்கேல் வைத்து அளந்து இரண்டும் சமம் என்று தெரிந்துகொண்ட பிறகும் அப்படித்தான் தெரியும், காட்சிப்பிழையின் லட்சணமே அதுதான், உண்மை தெரிந்தாலும் கலையாது. செங்குத்துக் கோடு அதே நீளமுள்ள கிடைக்கோட்டைவிட நீளமாகத் தெரிவதை ஜெர்மானிய உடலியல் அறிஞர் அடோல்ஃப் ஃபிக் 1851லேயே எழுதிவைத்தார். தொப்பியில் இது இன்னும் பலமாக வேலை செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. விளிம்பு ஒரு கிடைக்கோடு, அதன் நடுவில் கூடு ஏறி நிற்கிறது. நடுவில் வெட்டப்பட்ட கோடு, வெட்டப்படாத கோட்டைவிடக் குட்டையாகத் தெரியும், இது தனியாகவே ஒரு காட்சிப்பிழை. ஆக, கூடு தன் உயரத்தைக் கூட்டிக் காட்டுவதோடு நிற்காமல் விளிம்பின் அகலத்தையும் திருடிக்கொள்கிறது.

வட்ட முகத்துக்கு உயரமான கூடு என்ற பழைய யோசனைக்குப் பின்னால் இருக்கும் சரக்கு இதுதான். கன்னத்துக்குக் கன்னம் எவ்வளவோ, நெற்றியிலிருந்து மோவாய் வரையும் ஏறக்குறைய அவ்வளவே இருக்கும் முகத்தின் மேல் ஒரு செங்குத்து அளவைச் சேர்த்தால், மொத்த உருவமும் நீண்டுவிடுகிறது. கண் கொடுக்கும் வட்டியும் உண்டு. நீள முகத்துக்கு அதே கூட்டை வைத்தால் அந்த வட்டி கடனாகிவிடும்.

விளிம்பு கொஞ்சம் சிக்கலான ஆள். ஒரு வட்டத்தைச் சுற்றி அதைவிடச் சற்றே பெரிய இன்னொரு வட்டம் போட்டால் உள்வட்டம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும், வெளிவட்டத்தை ரொம்பப் பெரிதாக்கினால் உள்வட்டம் சுருங்கிவிடும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசஃப் டெல்போஃப் 1865இல் விவரித்த காட்சிப்பிழை இது. அவர் பார்த்தது காகிதத்து வட்டங்களைத்தான், தொப்பிக்கு நீட்டுவது என் வேலை, ஆனால் கண்ணாடி முன்னால் நின்று சோதித்தால் ஒத்துவருகிறது: கன்ன எலும்பைவிட ஒரு விரல் அகலமே கூடுதலாக இருக்கும் குறுகிய விளிம்பு முகத்தோடு ஒட்டிக்கொண்டு முகத்தைப் பருமனாக்குகிறது, தோளை நோக்கி நீளும் அகல விளிம்புக்குக் கீழே அதே முகம் சின்னதாகிவிடுகிறது. அதனால் "பெரிய முகம், அதனால் சின்ன விளிம்பு" என்று கூச்சப்பட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் தாங்கள் தப்ப நினைத்த குழியிலேயே போய் விழுகிறார்கள். அதற்காக மெலிந்த, சிறிய முகத்துக்குக் குடை அளவு விளிம்பு வைத்தால் ஆளே காணாமல் போய்விடுவார், அதுவும் நடக்கும்.

சரி, இதெல்லாம் கோடும் வட்டமும். முகம் வெறும் கோடும் வட்டமும் இல்லையே? இல்லைதான், ஆனால் முகம் விஷயத்தில் மூளை இன்னும் மோசமாக ஏமாறும். 1987இல் ஆண்ட்ரூ யங்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் ஒரு பிரபலத்தின் மேல்பாதி முகத்தை இன்னொரு பிரபலத்தின் கீழ்ப்பாதியோடு ஒட்டிவைத்து, மேலே இருப்பவர் யார் என்று கேட்டார்கள். பார்த்தவர்கள் தடுமாறினார்கள். இரண்டு பாதிகளையும் சற்றே பக்கவாட்டில் நகர்த்தி வைத்ததும் பெயரைச் சட்டென்று சொன்னார்கள். பாதிகள் ஒட்டியிருந்தபோது மூளை அவற்றைக் கலந்து புதிய ஒரு முகமாகப் படித்துவிட்டது. மூக்கு, வாய், நெற்றி என்று பிரித்துப் படிக்கும் பழக்கம் அதற்குக் குறைவு, ஒரே மூச்சில் மொத்தமாக விழுங்கும். ஆகவே நெற்றியை மறைத்தால் நெற்றி மட்டும் மறைவதில்லை, தாடையும் வேறு தாடையாகத் தெரியத் தொடங்குகிறது.

2010இல் பாமெலா பாலெட், ஸ்டீஃபன் லிங்க், காங் லீ மூவரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண்களைக் கொடுத்தது. ஒரே பெண்ணின் படத்தில் கண்ணுக்கும் வாய்க்குமான தூரத்தையும் இரு கண்களுக்கு இடையிலான தூரத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கண்–வாய் தூரம் முக நீளத்தில் ஏறக்குறைய 36 சதவீதமும், கண்களின் இடைவெளி முக அகலத்தில் ஏறக்குறைய 46 சதவீதமும் இருந்தபோது அந்தப் பெண் அதிக அழகாகத் தெரிந்தார். சோதித்தது வெள்ளையினப் பெண்களின் முகங்களைத்தான், அதனால் இந்த எண்களை உலகச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கணக்கின் கீழ்ப்பகுதி: முக நீளம் என்பதை மயிர்க்கோட்டிலிருந்து மோவாய் வரை அளக்கிறோம். கண்ணையும் வாயையும் நகர்த்த முடியாது, ஆனால் மேல் எல்லையை நகர்த்த முடியும். முடிவெட்டு மாறினால் முகமே மாறிய மாதிரி இருப்பது இதனால்தான், தொப்பி இன்னும் ஒருபடி மேலே போகிறது, எல்லையை எந்த இடத்தில் கோடு போட்டு நிறுத்துவது என்பதை உங்கள் விரலிடம் கொடுத்துவிடுகிறது.

1920களில் பரவிய குளோஷ் தொப்பியை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு மணி என்று பொருள், தொப்பியும் கவிழ்த்த மணி மாதிரிதான் இருக்கும். புருவம் வரை இறக்கிப் போடுவார்கள், எதிரே வருவதைப் பார்க்கவே மோவாயைத் தூக்க வேண்டியிருக்கும். நெற்றி முழுக்கப் போய்விடுவதால் நீள முகம் குறுகும், கண் பெரிதாகத் தெரியும், தூக்கிய மோவாயால் தாடைக்கோடு எடுப்பாகும். கூர்மையான தாடை இருந்தவர்களுக்கு அது வரம். ஏற்கெனவே குட்டையான, வட்டமான முகங்களை அது என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதையும் பழைய படங்களில் பார்க்கலாம்.

இன்னொரு பக்கம் பௌலர் தொப்பி, அந்த உருண்டையான கெட்டித் தொப்பி, முகத்தை யோசித்துப் பிறந்ததே இல்லை. 1849இல் லண்டனில், வேட்டைக் காவலர்கள் குதிரையில் போகும்போது தாழ்ந்த கிளைகள் தலையில் மோதாமல் இருக்கச் செய்யச் சொன்னது அது. கிளையில் சிக்காத தாழ்ந்த கூடு, கழன்று விழாத குறுகிய விளிம்பு. இரண்டுமே வட்ட முகத்தை மேலும் வட்டமாக்கும் குணங்கள், பாவம் தொப்பி என்ன செய்யும்.

பின்னல் தொப்பிக்கு ஒரு குறிப்பு மட்டும். குறுக்குக் கோடு போட்டால் அகலமாகத் தெரியும் என்று எல்லோரும் நம்புகிறோம், ஆனால் கிடைக்கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும் என்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867இல் எழுதினார். அதனால் குறுக்குக் கோட்டுக்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இனி உங்கள் முகம் உண்மையில் எந்த அளவில் இருக்கிறது என்ற கேள்வி. இங்கேதான் நானே மாட்டினேன். செல்ஃபிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு நீள முகம் என்று முடிவுகட்டி, தட்டைக் கூடும் அகல விளிம்பும் உள்ள ஒன்றை வாங்கி, நெற்றியை மறைத்து இறக்கிப் போட்டுக்கொண்டு திரிந்தேன், யாரோ மேலிருந்து அமுக்கியது மாதிரி இருந்தேன். தப்பு கேமரா இருந்த தூரத்தில். கை நீட்டும் தூரத்திலிருந்து எடுக்கும்போது மூக்கு கேமராவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, காதும் கன்னத்தின் பக்கங்களும் பின்னால் போய்விடுகின்றன, அதனால் மூக்கு வீங்கி முகம் ஒடுங்கிவிடுகிறது. 30 செ.மீ. தூரத்துச் செல்ஃபியில் மூக்கு, 5 அடி தூரத்துப் படத்தில் இருப்பதைவிட 30 சதவீத அளவுக்கு அகலமாகத் தெரிகிறது என்று 2018இல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. முக வடிவத்தைச் செல்ஃபியில் கண்டுபிடிப்பது குழிக்கண்ணாடியில் இடுப்பளவு பார்ப்பது மாதிரி.

சுவர்க்கண்ணாடி நேர்மையானது, ஒரு விசித்திரம் தவிர. கையை மடக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் முகத்தின் ஓரத்தைச் சோப்புத் துண்டால் அப்படியே வரைந்து பாருங்கள். நகர்ந்து பார்த்தால் பொம்மை முகம் அளவுதான் இருக்கும்: உங்கள் முகம் 18 செ.மீ. என்றால் கோடு 9 செ.மீ. நீங்கள் தள்ளிப் போனாலும் கிட்டே வந்தாலும் அதே பாதிதான், ஏனென்றால் கண்ணாடி எப்போதும் உங்களுக்கும் உங்கள் பிம்பத்துக்கும் சரிபாதி தூரத்தில் நிற்கிறது. அளவு பாதியானாலும் விகிதம் மாறாது, நமக்கு வேண்டியது விகிதம்தான். அந்தக் கோட்டின் நீளத்தையும், கன்ன எலும்பு இருக்கும் இடத்தில் அதன் அகலத்தையும் அளந்து வகுத்துக்கொள்ளுங்கள். வட்டம், சதுரம், இதயம் என்று பெயர் வைக்கத் தேவையே இல்லை, மனித முகங்கள் அப்படி ஐந்தாறு பெட்டிகளில் பிறப்பதும் இல்லை, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகின்றன.

தலையளவு வேறு விஷயம், அதை முகத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. புருவத்துக்குச் சற்று மேலே, காதுக்கு மேலே நாடாவைச் சுற்றி எடுத்தால் அதுதான் செ.மீ. அளவு. 58 செ.மீ. தலைக்கு அமெரிக்க அளவு 7¼ என்று போட்டிருப்பது ஏதோ ரகசியக் குறியீடு இல்லை, சுற்றளவை π-ஆல் (சுமார் 3.14) வகுத்தால் வரும் விட்டம், அங்குலத்தில். ஆனால் ஒரே சுற்றளவுள்ள இரண்டு தலைகளில் ஒன்று உருண்டையாகவும் இன்னொன்று முன்பின்னாக நீண்டும் இருக்கலாம், அப்போது அளவு சரியாக இருந்தும் நெற்றியில் அழுத்தும், பக்கத்தில் இடைவெளி விடும். இதற்காகவே 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் கன்ஃபர்மேட்டர் என்று ஒரு கருவி செய்தார்கள், தலையில் கவிழ்த்தால் தலையின் சுற்றுவடிவத்தைச் சிறிய அட்டையில் குத்திக் கொடுத்துவிடும். அந்த அட்டைகளைப் பார்த்தால் மனிதத் தலை எவ்வளவு கோணல் என்று தெரியும்.

கடைசியாக நிழல். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் கண்குழி எப்படியும் கொஞ்சம் இருண்டுதான் இருக்கும், விளிம்பு அதன்மேல் இன்னொரு போர்வை போடுகிறது. வெயிலுக்கு நல்லது, முகத்துக்கு எப்போதும் நல்லதல்ல, பார்ப்பவர் முதலில் தேடுவது கண்ணைத்தான். கடைக்குள் நாலாபக்கமும் விளக்கு இருப்பதால் இந்தக் குறை தெரியாது. அதனால் தொப்பியை ஒரு ஜன்னல் பக்கமோ வாசல் பக்கமோ கொண்டுபோய், கண்ணாடியிலிருந்து இரண்டடி தள்ளியல்ல, ஐந்தாறு அடி தள்ளி நின்று, தோளும் சேர்ந்து தெரியும்படி பாருங்கள். பக்கவாட்டில் ஒருமுறை திரும்புங்கள். அப்புறம் விளிம்பை ஒரு பக்கம் லேசாகச் சாயுங்கள், ஒரு கண் வெளிச்சத்துக்கு வரும், முகத்துக்குக் குறுக்கே போன நேர்கோடு சாய்கோடாகிவிடும், அகலமும் கொஞ்சம் கரையும்.

சோப்புக்கோட்டில் அளந்த அன்று என் முகம் நீளமும் இல்லை, வட்டமும் இல்லை, நடுவில் எங்கோ இருந்தது. அமுக்கிவைத்திருந்த தொப்பியை இரண்டு விரல் அகலம் மேலே ஏற்றி, மயிர்க்கோட்டின் ஓரம் தெரியும்படி பின்னால் தள்ளினேன். அதே தொப்பியைத்தான் இப்போதும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.