இது எந்த செட்டில்மென்ட்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அலுவலகத்துக்கு வரும் கட்சிக்காரர்கள் அதிகம் சொல்லும் ஆங்கிலச் சொல் எது என்று எண்ணிப் பார்த்தால், ‘கோர்ட்’டுக்கு அடுத்தபடி ‘செட்டில்மென்ட்’தான் வரும். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர்களும் தடுமாறாமல் சொல்வார்கள். சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி தெரியும். விஷயம் முடிந்துவிட்டது, இனித் தொல்லை இல்லை என்ற நிம்மதி. வழக்கறிஞராக எனக்கு அந்த நிம்மதியின் மேல்தான் சந்தேகம்.

சென்ற மழைக்காலத்தில் எழுபதைக் கடந்த ஓர் அம்மா வந்தார். துணிக்கடைப் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் பத்திரம். “தம்பி, இந்த உயிலை மாற்றி எழுத வேண்டும். வீட்டைப் பெரியவன் பேருக்கு எழுதிவிட்டேன். இப்போது சோறு போடுவது பெண்தான்” என்றார். வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தின் தலைப்பில் ‘தான செட்டில்மென்ட் பத்திரம்’ என்றிருந்தது.

“அம்மா, இது உயில் இல்லை.”

“செட்டில்மென்ட் உயில் என்றுதானே சொன்னார்கள்?”

அப்படி ஒரு சரக்கே கிடையாது. ஆனால் கடலூர் வட்டாரத்தில் அந்தப் பெயரை நான் கேட்பது அது முதல்முறையும் அல்ல.

தலைப்பை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. நீதிமன்றங்களும் தலைப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, உள்ளே இருக்கும் வாசகத்தைத்தான் பார்க்கும். இரண்டாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: “இன்று முதல் நீயே சர்வ சுதந்திர பாத்தியமாய், தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.” பத்திர நடையின் பந்தா அத்தனையையும் தள்ளிவிட்டால், மிச்சமிருப்பது ‘இன்று முதல்’ என்ற இரண்டு சொற்கள்தான். உயிலில் அவை வராது. உயில் என்பது எழுதியவர் காலமான பிறகே உயிர் பெறும் காகிதம். இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். அதைப் பதிவு செய்வதுகூட அவரவர் விருப்பம். வீடு, மனைக்கான செட்டில்மென்ட்டோ பதிவாகியே தீர வேண்டும். எழுதிப் பதிவாகி, பெற்றவர் ஏற்றுக்கொண்டதும் சொத்து கைமாறிவிட்டது. பிறகு மனம் மாறியது என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்த் தன்னிச்சையாக ரத்துப் பத்திரம் எழுதிவிட முடியாது. வழக்கமாக நீதிமன்றப் படியேறித்தான் ஆக வேண்டும். இந்த அம்மாவின் பத்திரத்தில் “இதை ரத்து செய்ய எனக்கு எவ்வித அதிகாரமும் இல்லை” என்றும் ஒரு வரி இருந்தது. அதை வாசித்துக் காட்டினார்களா என்று கேட்டேன். வாசித்தார்களாம். வேகமாக வாசித்தார்களாம்.

குழப்பத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. சில செட்டில்மென்ட்களில் “என் ஆயுள்வரை நானே அனுபவித்து வருவேன்” என்று இருக்கும். அதைப் பார்த்து இது உயில்தான் என்று எழுதித் தரும் பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். உரிமை இன்றே போய், குடியிருக்கும் அனுபவம் மட்டும் உங்களிடம் நின்றால் அது செட்டில்மென்ட். உரிமையே உங்கள் காலத்துக்குப் பின்தான் போகும் என்றால் அது உயில். எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு பத்திர எழுத்தரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நாளைக் காலை இந்த வீட்டை நான் விற்க முடியுமா?” முடியாது என்றால், எழுதியிருப்பது உயில் இல்லை.

சட்டம் இந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லாமல் இல்லை. 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 2(24) பிரிவு, உயில் அல்லாத ஏற்பாடு என்றே தொடங்குகிறது. திருமணத்தை முன்னிட்டோ, குடும்பத்தாருக்கும் தன்னை நம்பியிருப்போருக்கும் சொத்தைப் பகிர்ந்து தரவோ, அறப்பணிக்கோ எழுதுவது. ‘ஏற்பாடு’ என்று நல்ல தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. யார் சொல்கிறார்கள்?

வேர் பார்த்தால், பழைய ஆங்கிலத்தில் ‘செட்டில்’ என்ற சொல்லுக்கு இருக்கை என்று பொருள். முதுகு சாய்க்கிற நீண்ட மரப்பெஞ்சுக்கு இன்றும் ஆங்கிலத்தில் ‘செட்டில்’ என்றுதான் பெயர். உட்காருதல், ஓரிடத்தில் தங்குதல், கலங்கியது தெளிதல், வழக்கு தீர்தல், கணக்கு அடைதல் என்று எல்லாப் பொருளும் அந்த இருக்கையிலிருந்து கிளைத்தவை. நம்மிடமும் இப்படி ஒரு சொல் உண்டு. பேரம் படிந்தது என்கிறோம். கெடிலம் ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் வண்டல் படிந்தது என்கிறோம். ஆங்கிலக்காரர் இரண்டுக்கும் ‘செட்டில்’ என்பார். தாய்மொழியில் என்றால் பேரத்தையும் வண்டலையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. கடன் வாங்கிய சொல்லில்தான் சறுக்குகிறோம்.

கடன் என்றதும் நினைவுக்கு வருகிறது. சிப்காட்டில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், வீட்டுக் கடன் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது என்று வந்தார். “பழைய கிரெடிட் கார்டு பாக்கி ஒன்று இருந்தது சார், அதைத்தான் செட்டில் செய்துவிட்டேனே” என்றார். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுக்கச் சொன்னேன். அந்தக் கணக்கின் எதிரே ‘செட்டில்டு’ என்றே இருந்தது. தம்பிக்கு அது நற்சான்றிதழாகத் தெரிந்தது. வங்கியின் அகராதியில் அதற்குப் பொருள், முழுப் பணமும் வரவில்லை, வந்தவரை போதும் என்று விட்டுவிட்டோம் என்பது. முழுதும் அடைத்த கணக்குக்கு ‘குளோஸ்டு’ என்று போடுவார்கள். வசூலுக்கு வந்தவர் தொலைபேசியில் ‘ஒன் டைம் செட்டில்மென்ட்’ என்று தேனாகப் பேசியபோது இந்த வித்தியாசத்தைச் சொல்லவில்லை. தள்ளுபடி வாங்குவது தவறில்லை. வேறு வழியில்லாதவருக்கு அது பெரிய உதவியும்கூட. அறிக்கையில் என்ன விழும் என்பது தெரிந்து வாங்க வேண்டும். மிச்சத்தைக் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்று பெற்று, அறிக்கையிலும் ‘குளோஸ்டு’ என்று மாற்றச் சொல்லிக் கேளுங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டுப் போகும்போது தரும் ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’ தாளில், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி ஒளிந்திருக்கும். கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் செட்டில்மென்ட் என்றால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பது கொசுறு. புதுச்சேரிப் பக்கம் ‘செட்டில்மென்ட் காப்பி’ கொண்டு வாருங்கள் என்றால் பயப்பட வேண்டாம், அது நில அளவைத் துறையின் பழைய பதிவேட்டு நகல். பொறியாளர் வந்து சுவர் விரிசலைப் பார்த்து ‘செட்டில்மென்ட்’ என்றால் மட்டும் கொஞ்சம் பயப்படலாம். அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று நம் கொத்தனார் அதையே தெளிவாகச் சொல்லிவிடுவார்.

இந்தச் சொல்லே ஒரு காலத்தில் நம் ஊரில் கோட்டை கட்டி உட்கார்ந்தது. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரையிலான ஊர்களும் தனக்கு என்று பேசிக்கொண்டது. அவை குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. வெள்ளைக்காரன் குடியேறினால் அதற்குப் பெயர் செட்டில்மென்ட். பக்கத்திலேயே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் செட்டில்மென்ட், 1954 நவம்பர் 1 வரை. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பேரால் ஏழை எளியவர்களைப் பிடித்து அடைத்து வைத்த இடங்களுக்கும் அதே பெயர்தான். தென்னார்க்காட்டு அஸீஸ் நகரிலும் ஒன்று இருந்தது. உட்கார்ந்தவனுக்கும் உட்கார வைக்கப்பட்டவனுக்கும் ஒரே சொல்.

அம்மாவின் பத்திரத்துக்கு வருகிறேன். நான்காம் பக்கத்தில் ஒரு வரி கிடைத்தது: “என்னை ஆயுள்வரை அன்ன வஸ்திரத்துக்குக் குறைவின்றிப் பராமரித்து வர வேண்டியது.” எழுதியவர் பழைய மாதிரிப் பத்திரத்திலிருந்து யோசிக்காமல் நகலெடுத்திருப்பார் என்று நினைக்கிறேன், அந்தச் சோம்பல் வாழ்க. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவில், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, வாங்கியவர் பராமரிக்காவிட்டால், செல்லாது என அறிவிக்கக் கேட்கலாம். 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அப்படி நிபந்தனை இருந்ததாகக் காட்டாததால் நிவாரணம் மறுத்தது. 2025 ஜனவரியில் வேறொரு தாயின் வழக்கில், மகன் தனியாக எழுதித் தந்த உறுதிமொழியையும் சேர்த்துப் பார்த்து, தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அதனால்தான் அந்த ஒற்றை வரி இல்லாத செட்டில்மென்ட்டுக்கு நான் யாரையும் கையெழுத்துப் போடவிடுவதில்லை.

இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும் கோட்டாட்சியரிடம் அம்மா மனு கொடுத்தார். விசாரணை அன்று தாழ்வாரத்தில் காத்திருந்தேன். அரைமணி கழித்து வெளியே வந்தார், பின்னால் மகன்.

“பேசி செட்டில் செய்துகொள்ளலாம் என்கிறான் தம்பி” என்றார். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இது எந்த செட்டில்மென்ட்?”