மீயொலிவழி நுண்ணூசி மருத்துவம்: சொல் விளக்கம்

அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி அக்குபங்சர் ஊசியைச் செலுத்தும் முறை 'அல்ட்ராசவுண்ட் கைடட் அக்குபங்சர்' எனப்படுகிறது.

அக்குபங்சர் என்பதைச் சீனச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அது லத்தீன். 'ஆக்குஸ்' ஊசி, 'புங்க்தூரா' குத்துதல். ஜப்பானின் நாகசாகி நகரத்துத் தேஜிமா தீவில் டச்சு வணிக நிலைய மருத்துவராக இருந்த வில்லெம் டென் ரைனே 1683இல் வெளியிட்ட நூல் அதை ஐரோப்பாவில் பரப்பியது. சீனர்கள் சொல்வது 'ஜென்ஜியு'. ஜென் என்றால் ஊசி. ஜியு என்றால் உலர்ந்த மாசிபத்திரி வகை இலையைக் கொளுத்திப் புள்ளிகளில் சூடு காட்டுவது. லத்தீன் பெயரில் அந்தச் சூடு விடுபட்டுப்போனது.

தமிழில் 'குத்தூசி மருத்துவம்' பரவிவிட்டது. ஆனால் குத்தூசி கூரை வேய்பவர் கையில் இருக்கும் பருத்த ஊசி. அக்குபங்சர் ஊசியின் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். ஊசி என்றாலே அஞ்சும் நோயாளியிடம் 'நுண்ணூசி' என்பதே உண்மையான பெயர் என்பேன். நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட, நம் காதுக்கு எட்டாத ஒலி மீயொலி. எனவே 'மீயொலிவழி நுண்ணூசி மருத்துவம்'.

இதன் தேவை தோளில் நன்றாகத் தெரியும். கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே உள்ள 'ஜியான்ஜிங்' புள்ளிக்குக் கீழே நுரையீரலின் மேல்நுனி இருக்கிறது. ஊசி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு மரபில் அளவுகோல் நோயாளியின் கட்டைவிரல் அகலம். மெலிந்தவருக்குச் சற்று ஆழமாகப் போனாலும் நுரையீரல் உறை துளைபட்டுக் காற்று கசியலாம். தோலில் கூழ் தடவி அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தால் தோல், கொழுப்பு, தசை அடுக்கடுக்காகத் தெரியும். அவற்றின் அடியில் மூச்சோடு அசையும் வெள்ளைக் கோடுதான் அந்த உறை. ஊசியும் வெள்ளைக் கோடாகவே தெரியும். ஆனால் கருவி படம்பிடிக்கும் தளத்தைவிட்டு விலகினால் திரையில் மறைந்துவிடும். அதனால் இரு கைகளும் ஒன்றாகப் பழக வேண்டும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் லாஞ்ச்வின் குழு, ஊசியைத் திருகும்போது தக்கிளியில் நூல் சுற்றுவதுபோல் இணைப்புத் திசு அதைச் சுற்றிக்கொள்வதைக் காட்டியது. ஊசி இறுகப் பிடிபடுவதாக மருத்துவர்கள் விரலில் உணர்வதற்கு இது ஒரு விளக்கம்.

'மீயொலிவழி' என்ற அடை ஊசி செல்லும் பாதையைத்தான் சொல்கிறது, நோய் தீரும் என்பதற்குச் சான்று அல்ல. கால் சுண்டுவிரல் புள்ளியில் குத்தினால் மூளையின் பார்வைப் பகுதி தூண்டப்படுவதாக எம்.ஆர்.ஐ. படங்களைக் காட்டி 1998இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வு, 2006இல் திரும்பப் பெறப்பட்டது.