டவுன் சிண்ட்ரோம் குழந்தையின் குறட்டை: சிறார் நலத் திட்டத்தில் என்ன கேட்கலாம்?

தேசிய சிறார் நலத் திட்டம் (ஆர்.பி.எஸ்.கே.) 2013 பிப்ரவரியில் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை 30 வகைக் குறைபாடுகளைத் தேடிக் கண்டுபிடித்து, இலவசமாகச் சிகிச்சைக்கு அனுப்புவதுதான் இதன் வேலை. டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை) அந்தப் பட்டியலில் இருக்கிறது. பிறவி இதயக் கோளாறு, காது கேளாமை எல்லாம் இருக்கின்றன. தூக்கத்தில் மூச்சு அடைபடுவது மட்டும் தனியாக இல்லை. பெற்றோர் வாய் திறந்து சொன்னால்தான் இது பேச்சுக்கே வரும்.

இன்னொரு சிக்கல், திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறை வருகிறது. வருவது பகலில். பிரச்சினையோ ராத்திரியில்!

டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பாதிப் பேருக்காவது இந்த மூச்சடைப்பு உண்டு. முகத்தின் நடுப்பகுதி சிறியது, தசைகள் தளர்வானவை, வாய்க்குள் நாக்குக்கு இடம் போதாது. இதோடு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் தொண்டையில் இருக்கும் டான்சிலும் வீங்கிவிட்டால் மூச்சுப்பாதை இன்னும் குறுகிவிடும். குறட்டை, நடுவில் சில நொடி மூச்சு நின்று திடீரென இழுப்பது, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, உட்கார்ந்தபடியே முன்னால் மடங்கித் தூங்குவது: இவையெல்லாம் அடையாளங்கள். "அது அப்படித்தான் தூங்கும்" என்று பாட்டி சொல்வார், விட்டுவிடாதீர்கள். பகலில் தூங்கி வழிவதற்குப் பதிலாக அடங்காத குறும்பாகவும் வெளிப்படலாம். இதயக் கோளாறும் சேர்ந்த குழந்தைக்கு நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறும் ஆபத்து இருப்பதால் தள்ளிப்போடக் கூடாது.

சரி, எங்கே போவது? 6 வயதுவரை என்றால் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையம். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் மருத்துவமனையில் வழி காட்டுவார்கள். குழு எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டு இருந்தால் நல்லது. பெரிய குழந்தைகளை அரசு மருத்துவமனைக்கே அனுப்புவார்கள். போவதற்கு முன் குழந்தை ஆழ்ந்து தூங்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு, நெஞ்சும் முகமும் தெரிய, சத்தத்தோடு ஓரிரு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.பி. நெரிசலில் நீங்கள் பத்து நிமிடம் விளக்குவதைவிட அது அதிகம் சொல்லும்.

வீடியோ சந்தேகத்தை எழுப்பும், அவ்வளவுதான். உறுதி செய்வது இரவு முழுக்க நடக்கும் தூக்கப் பரிசோதனை. குறட்டையே இல்லாவிட்டாலும் 3 முதல் 4 வயதுக்குள் இதை ஒருமுறை செய்துவிட வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. பெற்றோர் கண்ணுக்குத் தெரிவதும் பரிசோதனை காட்டுவதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. எல்லா மாவட்டத்திலும் இந்த வசதி கிடையாது. எந்த மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

முதல் சிகிச்சை பெரும்பாலும் டான்சில், அடினாய்டு அறுவை. அதற்குப் பிறகும் மூச்சடைப்பு மிச்சமிருக்கும் குழந்தைகள் நிறைய. அதனால் மறுபடி தூக்கப் பரிசோதனை எப்போது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள். அப்புறம் சிபாப் கருவி (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது) தேவைப்பட்டால் அதை யார் தருவது, மாஸ்க் மாற்றும் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கியிருந்தால், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டிலும் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை, வெளிநோயாளிச் செலவுக்கும் உண்டு. பணத்தை முதலில் நீங்கள் கட்டி, பிறகு திரும்பப் பெறும் முறை என்பதால் பில் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.