ஒன்றரை டன் விசையை 620 கிராம் இரும்பு தாங்குவது எப்படி?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கைத்துப்பாக்கிக்கான 9 மி.மீ. தோட்டாவைச் சுடும் கார்பைன் (குட்டையான ரைஃபிள்) ஒன்று வாங்கியிருக்கிறேன். ஏற்கெனவே வைத்திருக்கும் ஏ.ஆர்.-15 ரைஃபிளின் 5.56 மி.மீ. தோட்டாவுக்கு இதைப் போல மூன்று மடங்கு ஆற்றல். ஆனால் தோளை இடிப்பது என்னவோ இந்தச் சின்னத் தோட்டாதான். ஏன்?”

நல்ல கேள்வி. இதற்கான பதிலில்தான் இந்த வகைத் துப்பாக்கியின் மொத்த அழகும் இருக்கிறது.

ஒரே தோட்டா, இரண்டு துப்பாக்கி என்பது பழைய யோசனை. வின்செஸ்டர் 1873 ரைஃபிளுக்கு வந்த .44-40 தோட்டாவுக்குச் சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனம் ரிவால்வரும் செய்தது. இடுப்பில் ஒன்று, குதிரைச் சேணத்தில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே தோட்டாப் பை. இன்றைய ருகர் பி.சி. கார்பைன், பெரெட்டா சி.எக்ஸ்.4 போன்றவை அந்த வழியில் வந்தவைதான். பெரும்பாலும் 9 மி.மீ. தோட்டா, 16 அங்குலக் குழல், தோளில் ஊன்றக் கட்டை. சில மாடல்களில் கைத்துப்பாக்கியின் மேகசினே (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அப்படியே பொருந்தும்.

இனி விஷயத்துக்கு வருவோம். தோட்டா வெடிக்கும்போது வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. அதே விசையுடன் பித்தளைக் கூட்டைப் பின்னே தள்ளுகிறது. 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு). குண்டின் குறுக்குப் பரப்பு சுமார் 64 சதுர மி.மீ. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ ஒன்றரை டன் எடைக்குச் சமமான விசை வருகிறது. ஏ.ஆர்.-15இல் இந்த வேலைக்கு முறையான பூட்டு உண்டு: தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் இரும்புத் துண்டான போல்ட்டின் தலையில் உள்ள பற்கள் குழலின் பின்பக்கத்தில் திரும்பி மாட்டிக்கொள்ளும், அழுத்தம் இறங்கிய பிறகே விடுபடும். பெரும்பாலான 9 மி.மீ. கார்பைன்களில் அப்படி எதுவும் கிடையாது. தோட்டாவின் பின்னால் ஒரு கனமான போல்ட் சும்மா சாய்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். இதற்கு ப்ளோபேக் என்று பெயர்.

போல்ட்டை முன்னே தள்ளிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங்தான் அந்த விசையைத் தாங்குகிறது என்று பலர் நம்புகிறார்கள். ‘கெட்டி ஸ்பிரிங் போட்டால் பாதுகாப்பு’ என்ற நம்பிக்கை துப்பாக்கிக் கடைகளிலும் உலவுகிறது. அது வெறும் நம்பிக்கை. சில கிலோ விசை கொண்ட ஸ்பிரிங் ஒன்றரை டன்னுக்கு முன் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. தாங்குவது நிலைமம். ஏ.ஆர். வடிவ 9 மி.மீ. கார்பைனில் போல்ட்டும் அதன் பின்னுள்ள பஃபர் என்ற எடைத்துண்டும் சேர்ந்து சுமார் 620 கிராம். குண்டு 7.45 கிராம், கூடவே ஓடும் வாயுவில் பாதியைச் சேர்த்தால் 7.6 என்று வையுங்கள். இருபுறமும் ஒரே விசை, எடையோ 80 மடங்கு வித்தியாசம். ஆகவே குண்டு 80 மி.மீ. ஓடும்போது போல்ட் 1 மி.மீ.தான் நகரும்.

இந்த ஒரு விகிதத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அழுத்தம் உச்சத்தைத் தொடுவது குண்டு முதல் ஓரிரு செ.மீ. நகர்வதற்குள். அந்த நேரத்தில் போல்ட் கால் மி.மீ. அளவுக்கே பின்வாங்கியிருக்கும். கூட்டின் அடிப்பகுதி சில மி.மீ. வரை கெட்டியான பித்தளை. அது சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) இருக்கும்வரை கூடு கிழியாது. குண்டு 16 அங்குலக் குழலின் வாயைத் தாண்டும்போது போல்ட் 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நகர்ந்திருக்கும். அதற்குள் வாயு விரிந்து அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடுகிறது. இத்தனையும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்குள் முடிந்துவிடுகிறது. பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. வெறும் எடை, நேரத்தை வாங்கிக் கொடுக்கிறது. இயந்திரவியலில் இவ்வளவு குறைந்த பாகங்களில் இவ்வளவு நேர்த்தியான தீர்வுகள் அதிகமில்லை.

அந்த எடைக்கு விலை உண்டு. குண்டும் வாயுவும் முன்னே எடுத்துச் செல்லும் உந்தம் முழுவதும் முதலில் போல்ட்டிடம்தான் சேர்கிறது. கணக்குப் போட்டால் போல்ட் நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் வேகமெடுக்கும். 620 கிராம் இரும்பை 1.4 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையை என்ன வேகத்தில் தொடுமோ, ஏறக்குறைய அந்த வேகம். ஸ்பிரிங் அதில் கொஞ்சத்தை விழுங்கும். மிச்சம் பின்சுவரில் ‘டம்’ என்று இறங்கும். பிறகு அதே போல்ட் முன்னே பாய்ந்து குழலில் இன்னொரு முறை மோதும். ஏ.ஆர்.-15இல் மொத்த உந்தம் இதைவிட அதிகம்தான். ஆனால் பூட்டிய நிலையில் அது ஏறத்தாழ 3 கிலோ துப்பாக்கி முழுவதையும் சேர்த்துத் தள்ளுகிறது. ஒன்று தள்ளு, மற்றது இரண்டு சுத்தியல் அடி. வாசகரின் தோள் சரியாகவே சொல்லியிருக்கிறது.

இதைக் குறைக்க வழிகள் உண்டு. ருகர் கார்பைனின் போல்ட்டுக்குள் டங்ஸ்டன் எடை ஒன்று நகரும்படி வைத்திருக்கிறார்கள். போல்ட் மோதியதற்குச் சற்றுப் பிந்தி அது மோதுவதால் அடி இரண்டாகப் பிரிந்து மழுங்குகிறது. எம்.பி.5 வகைத் துப்பாக்கிகளில் போல்ட் தலையின் இருபுறமும் உருளைகள் சேர்த்து, திறப்பதை நெம்புகோல் தத்துவத்தால் தாமதப்படுத்துகிறார்கள். அதனால் இலகுவான போல்ட்டே போதும். ஏ.ஆர். வடிவக் கார்பைனுக்கு முதலில் பார்க்க வேண்டியது போல்ட் பின்னே போகும் தூரம். 5.56க்கான நீளமான பஃபர் குழாயை அப்படியே விட்டால் போல்ட் தேவைக்கு மேல் பின்னே போய், திரும்பும்போது வேகம் பிடித்து, கடைசித் தோட்டாவுக்குப் பின் அதைத் தடுத்து நிறுத்தும் கொக்கியை உடைத்துவிடலாம். நீளமான பஃபரோ குழாயின் அடியில் ஒரு இடைத்துண்டோ வைத்தால் சரியாகும். சிலர் 25 சென்ட் நாணயங்களை அடுக்கிவைத்தே சமாளிக்கிறார்கள்.

நம் ஊர்க் காவலர்கள் தோளில் மாட்டும் கான்பூர் ஆலையின் 9 மி.மீ. கார்பைன், பிரிட்டனின் ஸ்டெர்லிங்கை உரிமம் பெற்றுச் செய்தது. அதுவும் ப்ளோபேக்தான், ஆனால் திறந்த போல்ட். ட்ரிகரை அழுத்தியதும் போல்ட் முன்னே பாயும். அது முழுதாக நிற்பதற்குள் தோட்டா வெடிக்கும். அந்த முன்னோட்டத்தை நிறுத்தவே வெடிப்பின் ஒரு பங்கு செலவாவதால் போல்ட் இலகுவாக இருக்கலாம். அமெரிக்காவில் 1982க்குப் பிறகு திறந்த போல்ட் துப்பாக்கிகளை இயந்திரத் துப்பாக்கிக் கணக்கில் சேர்த்துவிட்டதால் பொதுமக்களுக்கான புதிய கார்பைன்கள் மூடிய போல்ட்டில்தான் வருகின்றன. வாசகரின் தோள் இடிபட இந்த விதியும் ஒரு காரணம்.

16 அங்குலம் என்பதும் இயற்பியல் சொன்ன எண் அல்ல, அமெரிக்கச் சட்டம் சொன்னது: 1934இல் 18 அங்குலம் என்று இருந்ததை 1960இல் 16 ஆக்கினார்கள். ரைஃபிள் குழல் அதற்குக் குறைந்தால் தனிப் பதிவு வேண்டும். கைத்துப்பாக்கியில் நொடிக்கு 350 மீட்டர் போகும் 115 கிரெய்ன் (7.45 கிராம்) குண்டு இந்தக் குழலில் 390ஐ ஒட்டிப் போகும். அதில் பெரும்பங்கு ஆதாயம் முதல் 10 அங்குலத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. 147 கிரெய்ன் குண்டோ நீளக் குழலிலும் பெரும்பாலும் ஒலியின் வேகத்தைத் தாண்டாது. நீளத்தால் உண்மையில் கொழிப்பது .357 மேக்னம் என்ற ரிவால்வர் தோட்டா, மெதுவாக எரியும் மருந்து நிறைய இருப்பதால் 375இலிருந்து 500ஐத் தாண்டிவிடும். (இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட வகை; பொதுமக்களுக்குச் சாதாரணமாக உரிமம் கிடைக்காது.)

குறிவைப்பதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று. ஏ.ஆர். வடிவத்தில் குறிபார்க்கும் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி குழலுக்கு 6.5 செ.மீ. மேலே இருக்கும். 25 மீட்டருக்குச் சரிசெய்திருந்தால், 5 மீட்டரில் குண்டு குறிக்கு 5 செ.மீ. கீழே படும், 50இல் சுமார் 2 செ.மீ. மேலே, 100இல் 13 செ.மீ. கீழே. கிட்டத்தில் உள்ள இலக்கில் தவறுவது கை நடுக்கத்தால் அல்ல. இன்னொன்று: கண்ணாடியில் தெரிவதைக் குழல் பார்ப்பதில்லை. தடுப்பின் விளிம்பை ஒட்டிச் சுடும்போது தடுப்பையே துளைத்தவர்கள் உண்டு.

ப்ளோபேக்கில் கூடு வெளியேறும்போதும் கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்கும். வெடித்த கூட்டை அதுவே பின்னே தள்ளிவிடுவதால், கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி உடைந்திருந்தாலும் துப்பாக்கி ஓடிக்கொண்டே இருக்கலாம். வெடிக்காத தோட்டாவை வெளியே எடுக்க முயலும்போதுதான் குட்டு வெளிப்படும்: போல்ட் திறக்கும், தோட்டா சேம்பரிலேயே இருக்கும். அதனால் மேகசினைக் கழற்றிவிட்டு, போல்ட்டைப் பின்னே நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பார்க்க வேண்டும்.

அதே மிச்ச அழுத்தம்தான் கரியையும் உள்ளே, முகத்துக்கு நேரே கொண்டுவருகிறது. 300 முதல் 500 சுற்றுக்கு ஒருமுறை போல்ட் முகத்தையும் சேம்பரையும் துடைக்காவிட்டால் போல்ட் முழுதாக மூடாமல் போகலாம். மூடாத நிலையில் வெடித்தால் கூடு கிழிந்து வாயு மேகசின் வழியாக வெளியேறும். கண்ணாடி அணியாமல் சுடவே கூடாது. அந்தக் கரியில் ஈயமும் உண்டு. அமெரிக்காவின் பணியிட நலன் ஆய்வு நிறுவனமான நியோஷ், மூடிய சுடுதளங்களின் ஈயம், இரைச்சல் பற்றி 2009இல் விரிவான எச்சரிக்கை வெளியிட்டது.

கடைசியாக ஒரு சத்தம். வழக்கமான வெடிக்குப் பதில் ‘புஸ்’ என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். தோட்டாவில் மருந்து குறைந்திருக்கிறது. கைத்துப்பாக்கியின் 4 அங்குலக் குழலைத் தாண்டியிருக்கக்கூடிய குண்டு, 16 அங்குலத்தில் பாதி வழியில் சிக்கிக்கொள்ளலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். அரை நிமிடம் பாதுகாப்பான திசையில் பிடித்திருந்து, மேகசினையும் சேம்பரையும் காலிசெய்து, போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழலை வெளிச்சத்தில் பாருங்கள். மறுமுனை தெரியவில்லை என்றால் ஒரு பித்தளைக் கம்பியும் சுத்தியலும் போதும். இன்னொரு தோட்டாவால் தள்ளிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.